கதைத்தலைவியும் வாசகர் தீர்ப்பும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கதை படிக்கும்போது ஒரு பாத்திரத்தை நேசிக்கிறோம். மற்றொன்றின்மீது சினம் கொள்கிறோம். 'இவள் ஏன் இப்படிச் செய்தாள்?' என்று கேட்கிறோம். கதைத்தலைவியர்மீது இத்தகைய கேள்விகள் மிகுதியாக எழுகின்றன. அவற்றுக்கான காரணம் கதையில் மட்டும் இருப்பதில்லை. படிப்பவரின் மனத்திலும் அவர் வாழும் காலத்திலும் இருக்கிறது. தமிழ்ப் புனைகதைகளின் தலைவியரை வாசகர்கள் ஏற்றதையும் மறுத்ததையும் இப்பாடம் ஆராய்கிறது.

வழக்கும் வார்ப்பும்

ஒரே வகையான நிகழ்வோ பாத்திரமோ பல கதைகளில் திரும்பத் திரும்ப வருமானால் அதனைக் கதை வார்ப்பு எனலாம். மோதலில் தொடங்கிக் காதலில் முடியும் உறவு, ஒரு பெண்ணை இருவர் விரும்பும் முக்கோணக் காதல், மாறுவேடம் பூண்டு தப்பும் இளவரசி, அனைத்தையும் பொறுத்துக்கொள்ளும் நல்ல மருமகள், அழகால் அரசை அசைக்கும் சூழ்ச்சிக்காரி ஆகியன நமக்கு நன்கு அறிமுகமான வார்ப்புகள்.

வார்ப்பைப் பயன்படுத்துவதே குறையாகாது. சங்க அகப்பாடல்களில் தலைவன், தலைவி, தோழி, செவிலி ஆகியோர் இயற்பெயரால் சுட்டப்பெறுவதில்லை. ஐந்திணைக்கும் உரிய நிலமும் பொழுதும் ஒழுக்கமும் முன்னரே வரையறுக்கப்பட்டவை. முல்லை என்றால் காத்திருத்தல் என்பதும் நெய்தல் என்றால் இரங்கல் என்பதும் அக்காலக் கேட்போர் அறிந்தவையே. அறிந்த எல்லைக்குள் புலவர் எந்தப் புதிய உணர்வைக் காட்டுகிறார் என்பதையே அவர்கள் நோக்கினர். ஆகவே, 'இது பலரும் எழுதிய கதை' என்பதோடு வாசிப்பு முடிவதில்லை. அந்த வார்ப்புக்குள் வரும் பெண் தனக்கென ஒரு மனத்தைப் பெற்றிருக்கிறாளா என்பதே அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி.

அரசாண்ட ஞானாம்பாளும் மறுத்துரைத்த சாவித்திரியும்

தமிழின் முதல் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியது. அதன் ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 'பெண்மதிமாலை' இயற்றிப் பெண்கல்வியை வலியுறுத்தியவர். இப்புதினத்தின் தலைவி ஞானாம்பாள், கணவனைப் பிரிந்த நிலையில் ஆண்வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். மாறுவேடம் பழங்கதைகளில் வழங்கிய வார்ப்புதான். ஆனால் வேதநாயகம் பிள்ளை அதனைத் தப்பிக்கும் வழியாக மட்டும் கையாளவில்லை; பெண்ணின் அறிவும் ஆட்சித்திறனும் வெளிப்படும் களமாக்கினார். எனினும், பின்னர் ஞானாம்பாள் ஆட்சியைத் துறந்து இல்லறத்திற்குத் திரும்புகிறாள். வேடம் இருக்கும்வரை ஆட்சி, வேடம் கலைந்தபின் இல்லறம் என்னும் இந்த அமைப்பு, அன்றைய வாசகர் எவ்வளவு தொலைவு உடன்வருவார் என்பதற்கு ஆசிரியர் இட்ட எல்லைக்கோடாகவும் தோன்றுகிறது.

அறுபது ஆண்டுகளுக்குப் பின் அக்கோடு நகர்ந்தது. கல்கியின் 'தியாகபூமி' ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது, கே. சுப்ரமண்யம் இயக்கத்தில் 1939இல் திரைப்படமாகவும் வந்தது. கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி, பின்னாளில் செல்வம் பெற்றவுடன் அவன் உரிமை கோரி வழக்குத் தொடுக்கிறான். அவனோடு வாழ மறுக்கும் அவள், தானே அவனுக்குச் சீவனாம்சம் தர முன்வருகிறாள். பொறுத்திருந்து கணவனைத் திருத்தும் மனைவி என்னும் வார்ப்பில் பழகியவர்களுக்கு இது பேரதிர்ச்சியாகவே இருந்திருக்கும்.

முடிவைக் கேட்ட வாசகர்கள்

கதை வார இதழில் தொடராக வரும்போது, ஆசிரியர் எழுதிக்கொண்டிருக்கையிலேயே வாசகரின் குரல் அவரை எட்டுகிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வெளிவந்தது. ஆட்சிக் கணக்கில் தேர்ந்த குந்தவை, மென்மையான வானதி, கடலோடும் பூங்குழலி, பழிதீர்க்கத் துடிக்கும் நந்தினி, தன்னலமற்றுக் காதலிக்கும் மணிமேகலை என ஒன்றுக்கொன்று வேறுபட்ட பெண்கள் அதில் உலவினர். வாசகர் தமக்கு உகந்தவரைத் தேர்ந்துகொண்டனர். குழந்தைகளுக்குக் குந்தவை, வானதி, பூங்குழலி எனப் பெயரிட்டு மகிழ்ந்த குடும்பங்கள் பல.

தொடர் முடிந்தபோது பலருக்கு மனநிறைவு ஏற்படவில்லை. இன்னார் என்ன ஆனார், இன்னாருக்குத் திருமணம் நடந்ததா என்றெல்லாம் அறிய விரும்பினர். கல்கி தம் முடிவுரையில் அவ்வினாக்களை எடுத்துக்கொண்டு விடை கூறினார். தலைவியின் கதை திருமணத்தில் நிறைவுபெற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வாசகரிடம் எவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

இவ்வெதிர்பார்ப்பு தமிழருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க எழுத்தாளர் லூயிசா மே ஆல்காட் எழுதிய 'லிட்டில் விமன்' புதினத்தின் முதற்பகுதி 1868இல் வெளிவந்தது. எழுத்தாளராக விரும்பும் ஜோ என்னும் பெண் இளம் வாசகியரைப் பெரிதும் கவர்ந்தாள். அண்டை வீட்டு இளைஞனான லாரியை அவள் மணக்க வேண்டுமென்று வாசகியர் விரும்பினர். பெண்ணின் வாழ்வுக்குத் திருமணம் ஒன்றே குறிக்கோள் என்பதுபோல் அவர்கள் கேட்பதை ஆல்காட் விரும்பவில்லை. 1869இல் வந்த இரண்டாம் பகுதியில் ஜோ லாரியை மறுத்து, வயதில் மூத்த பேராசிரியர் ஒருவரை மணக்கிறாள். அந்த முடிவு சரியா என்ற வாதம் நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் ஓயவில்லை.

ஒரு கதை, இரு தீர்ப்புகள்

தமிழில் வாசகரின் மனச்சான்றையே உலுக்கிய கதை ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்'. 1966இல் ஆனந்த விகடனில் இச்சிறுகதை வெளிவந்தது. மழைபெய்யும் மாலையில் பேருந்துக்காகக் காத்துநிற்கும் ஏழைக் கல்லூரி மாணவி, முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள், வஞ்சிக்கப்படுகிறாள். வீடு திரும்பியவள் தாயிடம் அழுதுகொண்டே உண்மையைச் சொல்கிறாள். முதலில் பதறிக் கதறி மகளை அடித்த தாய், அண்டை வீட்டார் காதுக்கு எட்டாதபடி தன்னை அடக்கிக்கொள்கிறாள். பின்னர் மகளின் தலையில் நீரூற்றிக் குளிப்பாட்டி, அவள்மேல் எந்தக் களங்கமும் இல்லை என்று தேற்றுகிறாள்.

கதையின் தலைப்பு சீதை தீக்குளித்த நிகழ்ச்சியை நினைவூட்டுகிறது. அங்கே தன் தூய்மையை மெய்ப்பிக்கும் கடமை பெண்ணின்மேல் சுமத்தப்படுகிறது. இங்கே அச்சுமையை ஒரு தாய் இறக்கிவைக்கிறாள். வஞ்சிக்கப்பட்ட பெண் உயிரை மாய்த்துக்கொள்வாள் அல்லது வஞ்சித்தவனையே மணப்பாள் என்ற பழைய வார்ப்புகள் இரண்டும் அக்குளியலறையில் உடைந்துபோயின.

வாசகர் உலகம் இரண்டாகப் பிரிந்தது. தாயின் செயல் ஒழுக்கக்கேட்டுக்குத் துணைபோகிறது என்று சீறியவர்கள் இருந்தனர். அத்தாயின் பரிவைக் கைகூப்பி ஏற்றவர்களும் இருந்தனர். ஜெயகாந்தன் வாதத்திற்கு விடையாக மற்றொரு கதையையே படைத்தார். தாய் அவ்வாறு மறைத்து அணைக்காமல், செய்தி ஊருக்குத் தெரிந்திருந்தால் அப்பெண் என்ன ஆகியிருப்பாள் என்ற வினாவிலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்னும் புதினம் பிறந்தது. அதன் தலைவி கங்கா, உறவினரின் ஏச்சையும் ஐயப் பார்வையையும் சுமந்தபடியே படித்து, நல்ல வேலையில் அமர்கிறாள். எனினும் அன்றைய ஒரு மாலைப் பொழுதைக் கொண்டே ஊர் அவளை அளந்துகொண்டிருக்கிறது.

இப்புதினத்தில் ஒரு நுட்பம் உண்டு. 'அக்கினிப் பிரவேசம்' என்னும் அதே கதையை அதில் வரும் எழுத்தாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். கங்கா அதனைப் படிக்கிறாள். தனக்குக் கிடைக்காத தாயைக் கதையில் காண்கிறாள். பிற வாசகர் அக்கதையை ஒழுக்கம் பற்றிய வாதமாகக் கண்டனர். கங்காவுக்கோ அது தான் வாழ்ந்திருக்கக்கூடிய இன்னொரு வாழ்க்கை. கதைத்தலைவி ஒருத்தியை இகழ்ந்து பேசுகையில், அதே துயரோடு கேட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தி நம் அருகிலேயே இருக்கக்கூடும் என்பதை இப்பகுதி உணர்த்துகிறது. 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இப்புதினத்திற்கு வழங்கப்பட்டது.

இடம் மாற, வாசிப்பும் மாறும்

தலைவியைப் பற்றிய தீர்ப்பு காலத்தால் மாறுவதுபோல் இடத்தாலும் மாறும். கோடிக்கரையில் தனியே படகு செலுத்தும் பூங்குழலி, உள்நாட்டு நகர வாசகருக்கு ஒரு வியப்பு. கடலும் நிலவும் பாட்டும் சேர்ந்த ஓவியம். புதுச்சேரி நகரை ஒட்டிய தேங்காய்த்திட்டு போன்ற ஓரிடத்தில் அமர்ந்து அதே பக்கங்களைப் படித்தால் என்ன தோன்றும்? மீன்பிடித் துறைமுகம் அமைந்த ஊர் அது. விசைப்படகுகளும் வலைகளும் மீன் ஏலமும் அங்கே அன்றாடக் காட்சிகள். கடலின் சீற்றத்தையும் படகின் சுமையையும் அறிந்த குடும்பத்து மாணவி, பூங்குழலியின் துணிவை உளமாரப் போற்றலாம். அல்லது, 'மீன்கூடை சுமக்கும் பெண்ணின் களைப்பு இவளிடம் ஏன் இல்லை?' என்றும் கேட்கலாம். இரண்டுமே சரியான வாசிப்புகள். இரண்டாவது வினா வீரக்கதையின் அழகைக் குறைப்பதில்லை; அக்கதை எதைச் சொல்லாமல் விட்டது என்பதைக் காட்டுகிறது.

சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேறு வகைப் புதினங்கள் வந்தன. 1977இல் வெளியான வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' தென்கடற்கரை மீனவர் வாழ்வைப் பேசுகிறது. அதில் வரும் பிலோமி என்னும் இளம்பெண் சாமிதாஸை நேசிக்கிறாள். அவனோ வேறொருத்தியை மணக்கிறான். காதலில் தோற்ற பெண் உயிர்விடுவாள் அல்லது பழிவாங்குவாள் என்பது வாசகர் பழகிய வார்ப்பு. பிலோமி இரண்டையும் செய்யவில்லை. துயரைத் தாங்கி, மனிதர்மீது கொண்ட அன்பைக் கைவிடாமல் வாழ்கிறாள். பரபரப்பை எதிர்பார்ப்பவருக்கு அவள் எளியவளாகத் தெரியலாம். இழப்புக்குப் பின்னும் வாழ்வு உண்டு என்பதை அறிய விழையும் இளையோருக்கு அவளே பெருந்துணை.

இன்றைய இளையோர் புதினங்கள்

இளையோருக்கென்றே எழுதப்படும் புதினங்கள் இன்று உலகெங்கும் படிக்கப்படுகின்றன. ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' 2005இலும் சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' 2008இலும் வெளிவந்தன. காதலனையே தன் உலகமாகக் கொண்டவள் என்று முதற்புதினத்தின் தலைவி பெல்லா விமரிசிக்கப்பட்டாள். தங்கைக்கு மாற்றாகத் தானே சாவுக்களம் புகும் காட்னிஸ், வலிமையான தலைவி எனப் பாராட்டப்பெற்றாள். ஆனால் அவள் எதிர்த்த கொடுங்கோன்மையைவிட, இரு இளைஞருள் யாரை அவள் தேர்வாள் என்பதையே பேசிய வாசகரும் பலர். வார்ப்பை உடைக்க வந்த தலைவியையும் வாசகர் மீண்டும் வார்ப்புக்குள் அமர்த்திவிட இயலும் என்பதற்கு இது சான்று.

'வலிமையான பெண்' என்பதும் ஒரு வார்ப்பாகிவிடும் இடர் உண்டு. வில்லும் வாளும் ஏந்தினால்தான் வலிமை என்றால், மயங்கி விழும் வானதிக்கு இடமில்லை. ஆனால் பூங்குழலியின் ஏளனச் சொல்லைப் பொறாமல், அரியணையில் அமர்வதில்லை எனச் சூளுரைப்பவள் அவ்வானதியே. அச்சமும் உறுதியும் ஒரே உள்ளத்தில் உறையும்.

தீர்ப்புக்கு முன்

ஒரு தலைவியைப் பிடிக்கவில்லை என்று கூற ஒவ்வொரு வாசகருக்கும் உரிமை உண்டு. அதற்கான காரணத்தைத் தேடும்போது வாசிப்பு திறனாய்வாக வளர்கிறது. பாத்திரம் செம்மையாகப் படைக்கப்படாததால் பிடிக்கவில்லையா, நாம் விரும்பியபடி அவள் நடக்காததால் பிடிக்கவில்லையா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். அதே செயலைத் தலைவன் செய்திருந்தால் நம் தீர்ப்பு என்னவாகும் என்று அடுத்து எண்ணிப் பார்க்க வேண்டும். இரவில் தனியே செல்லும் தலைவனைத் துணிந்தவன் என்றும் தலைவியைப் பொறுப்பற்றவள் என்றும் கூறுவோமானால், அங்கே அளவுகோல் இரண்டாகிவிடுகிறது.

புனைகதையில் வழங்கும் தீர்ப்பால் எவருக்கும் தீங்கில்லை என்று கருதலாம். ஆனால் கதையில் பழகிய அளவுகோலையே நாம் தெருவுக்கும் வகுப்பறைக்கும் எடுத்துச் செல்கிறோம். மழையில் நின்ற மாணவியைக் குறைகூறியவர்கள், கற்பனைப் பெண்ணை மட்டும் குறைகூறவில்லை. அவளைத் தேற்றிய தாயைப் புரிந்துகொண்டவர்கள், தம் வீட்டில் ஒரு பெண் அழுதுகொண்டு வந்து நிற்கும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டனர்.

தெரிந்து தெளிவோம்

'சில நேரங்களில் சில மனிதர்கள்' ஏ. பீம்சிங் இயக்கத்தில் திரைப்படமாக வந்தது. கங்காவாக நடித்த லட்சுமி, சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். கங்காவின் பிற்கால வாழ்வை ஜெயகாந்தன் 'கங்கை எங்கே போகிறாள்' என்னும் புதினத்தில் தொடர்ந்து எழுதினார்.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் படித்த கதை ஒன்றில் உங்களுக்குப் பிடிக்காத பெண் பாத்திரத்தைத் தேர்ந்து, அவள் தரப்பிலிருந்து ஒரு பக்கக் கடிதம் எழுதுக.
2. உங்கள் ஊரின் தொழிலையும் நிலத்தையும் பின்புலமாகக் கொண்ட கதைத்தலைவி ஒருத்தியைக் கற்பனை செய்து, அவளுடைய ஒருநாள் வாழ்வை விவரிக்க.
3. 'அக்கினிப் பிரவேசம்' கதையில் தாயின் செயல் குறித்து வகுப்பில் இரு அணிகளாகக் கலந்துரையாடுக. பின்னர் அணி மாறி மீண்டும் பேசுக.

குறுவினா

1. கதை வார்ப்பு என்றால் என்ன? இரண்டு எடுத்துக்காட்டுகள் தருக.
2. ஞானாம்பாளின் மாறுவேடம் எதனை வெளிப்படுத்தும் களமாயிற்று?

நெடுவினா

கதைத்தலைவியைப் பற்றிய தீர்ப்பு காலத்தாலும் இடத்தாலும் மாறுபடும் என்பதைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.