இடது மூலைப் பொட்டு

நாங்கள் எதிரணியை 43 முறை வீழ்த்தியிருந்தோம். அவர்கள் எங்களை வீழ்த்தியது 26 முறை. தோற்றது நாங்கள்.

டோட்டா 2 என்ற கணினி விளையாட்டை ஆடத் தொடங்கி எனக்கு அது மூன்றாவது வருடம். அன்று ஜக்கர்நாட் என்ற ஹீரோவை எடுத்திருந்தேன். எதிரணியின் வீவர் ஆற்றைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. உயிர்க்கோடு நூலளவுதான் மிச்சம். இன்னும் ஒரே வெட்டு. அதற்காகவே, ஒரே தாவலில் இடம் மாற உதவும் டிபி ஸ்க்ரோல் கையில் இருந்ததைச் செலவழித்து அந்தப் பக்கம் வந்து இறங்கியிருந்தேன். எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். ஹெட்போனில் சேலத்து நண்பன், “மச்சி, ஃபூரியன் மேப்புல இல்லடா” என்றான். காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை.

ஃபூரியன் என்பது நேச்சர்ஸ் ப்ராஃபெட் என்ற ஹீரோவின் பழைய பெயர். வரைபடத்தின் எந்த மூலைக்கும் தாவக்கூடியவன், மரங்களை அடியாட்களாக எழுப்புகிறவன். எங்கள் மேல் தடத்துப் பாரக்ஸ் கட்டடங்களும் கடைசி இரண்டு கோபுரங்களும் முன்பே போயிருந்தன. நண்பன் மூன்றாம் முறை கத்தியபோது திரையின் இடது மூலையில் எங்கள் தளம் மினுங்கிக்கொண்டிருந்தது. ஊர் திரும்ப என்னிடம் டிபி இல்லை. கால்நடையாகப் பாதி வழி வருவதற்குள் ஏன்ஷியன்ட் என்ற எங்கள் மையக் கட்டடம் சரிந்துவிட்டது. அந்த வீவரும் தப்பிவிட்டது.

மறுநாள் காலை, வீட்டம்மாவின் அட்டையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை உரித்து மானிட்டர் சட்டத்தின் இடது கீழ் மூலையில் ஒட்டினேன். களம் முழுவதையும் காட்டும் சிறு வரைபடம் அங்கேதான் இருக்கிறது. இந்த ஆட்டத்தில் நான் கற்ற எல்லாமே அந்தப் பொட்டுக்குள் அடக்கம்.

இதற்கு முன் ஆடாதவர்களுக்கு இரண்டு வரி. அணிக்கு ஐந்து பேர். ஒரு பக்கம் ரேடியன்ட், எதிர்ப்பக்கம் டயர். நடுவே மேல், நடு, கீழ் என மூன்று தடங்கள், குறுக்கே ஓர் ஆறு, இடையெல்லாம் காடு. ஒவ்வொரு தடத்திலும் 30 விநாடிக்கு ஒருமுறை க்ரீப் எனப்படும் சிப்பாய்கள் இரு பக்கமிருந்தும் கிளம்பி வந்து மோதும். தடத்துக்கு மூன்று கோபுரங்கள், ஏன்ஷியன்டை ஒட்டி இன்னும் இரண்டு. ஆக அணிக்கு 11. எதிரியின் ஏன்ஷியன்ட் கட்டடத்தை முதலில் இடிப்பவருக்கே வெற்றி. வார்கிராஃப்ட் 3 விளையாட்டுக்கு ரசிகர் ஒருவர் 2003இல் செய்த வரைபடத்திலிருந்து முளைத்தது இது. 2013இல் வால்வ் நிறுவனம் டோட்டா 2 என முறையாக வெளியிட்டது. என் தலைமுறை பொறியியல் மாணவர்கள் பலருக்கும் விடுதி லேன் இணைப்பில் அந்தப் பழைய வரைபடம்தான் அரிச்சுவடி.

தலையை எண்ணாதீர்கள், கோபுரத்தை எண்ணுங்கள்

எதிரியை வீழ்த்தினால் பொன் வரும், அனுபவப் புள்ளி வரும். அதைவிட முக்கியமாக, அவர் திரும்பி வரும்வரை களத்தில் ஓர் ஆள் குறைவு. ஆட்டம் நீள நீள அந்தக் காத்திருப்பு ஒரு நிமிடத்தைக்கூடத் தாண்டும். அந்த ஒரு நிமிடம்தான் சரக்கு. சண்டையில் ஜெயித்ததும் நான் கேட்கும் ஒரே கேள்வி: “இப்ப என்ன எடுக்கலாம்?” பக்கத்தில் கோபுரம் இருந்தால் கோபுரம். இல்லாவிட்டால் ரோஷான். ரோஷான் குகையில் இருக்கும் பூதம். அதை வீழ்த்தினால் ஏஜிஸ் கிடைக்கும். வைத்திருப்பவர் செத்தாலும் அதே இடத்தில் எழுந்துவிடுவார். ஆனால் ஐந்து நிமிடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் ஏஜிஸ் மறைந்துவிடும். ஆகவே எடுத்த கையோடு எதிரியின் தளத்தை நோக்கி நடக்க வேண்டும். ஏஜிஸோடு காட்டுக்குள் பொன் தேடப் போனவர்களில் நானும் ஒருவன்.

கடைசி அடி

க்ரீப்பைச் சாகடிக்கும் கடைசி அடி யாருடையதோ அவருக்கே பொன். முதல் பத்து நிமிடத்தில் ஒரு தடத்துக்கு எதிரி க்ரீப் 80க்கு மேல் வரும். கணினியே இயக்கும் பாட்களோடு தனியாக ஆடி எண்ணிப் பார்த்தேன்: 27 எடுத்திருந்தேன். மற்றதெல்லாம் காற்றில் போனது. பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்ததுதான் தவறு. க்ரீப்பின் உயிர் தேய்வதைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒரே அடியில் முடிக்க வேண்டும். நம் க்ரீப்பின் உயிர் பாதிக்குக் கீழே போனால் நாமே அடித்து முடித்து எதிரிக்குக் கிடைக்கவிடாமலும் செய்யலாம்; அதற்கு டினை என்று பெயர். தினம் பத்து நிமிடம் வீதம் இரண்டு வாரம் இதையே செய்தேன். 27 என்பது 50ஐத் தாண்டியது. வேறெந்தப் பயிற்சியும் இவ்வளவு வேகமாகப் பலன் தரவில்லை.

ஐந்தாம் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்

அணியில் ஒன்று முதல் ஐந்து வரை இடம் உண்டு. ஒன்று, பொன்னெல்லாம் வாங்கிக் கடைசியில் அடித்து நொறுக்கும் கேரி. ஐந்து, வார்டு வாங்கி, வார்டு நட்டு, மற்றவருக்காகச் சாகும் சப்போர்ட். எல்லாருக்கும் ஒன்றுதான் வேண்டும். எனக்கும் அப்படித்தான். ஆள் பற்றாக்குறையால் ஒரு மாதம் ஐந்தாம் இடத்தில் ஆட நேர்ந்தது. அப்போதுதான் கண் திறந்தது.

அப்சர்வர் வார்டு இலவசம். ஆறு நிமிடம் நிற்கும். நட்ட இடத்தைச் சுற்றி இருட்டு விலகும். கீழிருந்து மேட்டைப் பார்க்க முடியாது, மேட்டிலிருந்து கீழே தெரியும். ஆகவே மேட்டில் நட்டால் கூடுதல் பலன். ஆனால் எல்லாரும் நடும் மேட்டில் நட்டால் எதிரி சென்ட்ரி வார்டு போட்டுக் கண்டுபிடித்து உடைத்துவிடுவான். நான் அந்த மேட்டுக்கு நாலடி தள்ளி, மரங்களுக்கு இடையில் நடுவேன். தெரிவது கொஞ்சம் குறையும், ஆறு நிமிடமும் நிற்கும்.

இன்னொன்று: நாம் அடுத்து எங்கே போகப் போகிறோமோ அங்கே நட வேண்டும். தோற்றுக்கொண்டிருக்கும்போது எதிரிக் காட்டில் வார்டு நடப் போவது தானே வலையில் போய் விழுவது.

இன்டர்நேஷனல் உலகக் கோப்பையை 2018இல் வான்கூவரிலும் 2019இல் ஷாங்காயிலும் அதே ஐந்து பேரோடு வென்ற ஓஜி அணியின் தலைவர், நோடெய்ல் என்ற பெயரில் ஆடிய டென்மார்க்காரர். அவர் ஆடியது இந்த ஐந்தாம் இடம்தான். 2018 போட்டிக்குச் சில மாதங்கள் முன்பு இரண்டு பேர் அணியை விட்டுப் போனார்கள். பயிற்சியாளராக இருந்த செப் ஆட்டக்காரராக இறங்கினார். திறந்த தகுதிச் சுற்று வழியாக நுழைந்து, இறுதிப் போட்டியில் பிஎஸ்ஜி.எல்ஜிடி அணியை 3-2 என வென்றார்கள். வரைபடத்திலேயே ஏழையான ஆள் அணியை நடத்தினார் என்பதை நினைத்துக்கொண்டால் வார்டு நட வெட்கமாக இருக்காது.

வாயை எப்போது திறப்பது

மைக்கில் பயன்படும் பேச்சு மூன்று வகை. “மிட் மிஸ்” போல எதிரியை எங்கே காணவில்லை என்பது. “ஸ்டன் இல்ல, பத்து செகண்ட்” போல நம்மிடம் என்ன இல்லை என்பது. “டவர் போதும், திரும்பு” போல அடுத்து என்ன என்பது. “ஏன்டா அங்க போன?” என்பது இதில் எதிலும் சேராது. போனவனுக்கே தெரியும் ஏன் செத்தோம் என்று. முகம் தெரியாதவர் திட்டத் தொடங்கினால் பதில் சொல்லாமல் மியூட் செய்துவிடுகிறேன். அவருக்குப் பதில் தட்டும் நாலு விநாடியில் நானும் செத்த அனுபவம் உண்டு.

வீட்டுக் கணக்கு

ஓர் ஆட்டம் 35 முதல் 50 நிமிடம் பிடிக்கும். நடுவில் எழுந்து போக முடியாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் இணைப்பு போனால் ஓடிப்போனதாகக் கணக்காகித் தண்டனை வரும். மின்வெட்டு என்ற காரணம் அங்கே எடுபடாது. மோடத்துக்கும் சேர்த்து யுபிஎஸ் போட்டது அதனால்தான். சாப்பாடு தயாராகும் நேரத்தில் தொடங்குவதில்லை. அடுத்தடுத்து இரண்டு தோற்றால் அன்றைக்கு அவ்வளவுதான். மூன்றாவதை ஆடுவது ஆத்திரம்.

சென்ற மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பக்கத்தில் நாற்காலி போட்டு நான் ஆடுவதைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில், “மாமா, சண்டை நடுவுல நடக்குது, நீங்க வேற எங்கயோ பாக்குறீங்களே?” என்றான். பிறகு மானிட்டரைக் குனிந்து பார்த்து, “இதுக்கு எதுக்குப் பொட்டு?” என்றான்.

விளக்கினேன். தலையாட்டினான். அவனை ஆடவிட்டேன். நாலாவது நிமிடத்தில், உயிர் நூலளவில் இருந்த ஒருவனைத் துரத்திக்கொண்டு ஆற்றைத் தாண்டிவிட்டான். எதிரணியின் மற்ற நாலு பேரில் ஒருவர்கூட வரைபடத்தில் தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது அவன் பையில் ஒரு பொட்டு அட்டையைப் போட்டு அனுப்பினேன்.