பல மரம் கண்ட தச்சனும் பல்திறன் டெக்னீஷியனும்

'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்று ஐ.டி.ஐ.யில் சேரப்போகும் பிள்ளைகளிடம் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பிட்டர் என்றால் பிட்டர் வேலை, எலக்ட்ரீசியன் என்றால் வயர் வேலை. இரண்டையும் சேர்த்துக் கற்பவருக்கு இரண்டுமே அரைகுறை என்பது அவர்கள் நம்பிக்கை. அக்கறையில் சொல்வதுதான். ஆனால் எதை வெட்டுவது என்று தெரியாமல் திரியும் தச்சனுக்குச் சொன்னதைப் பல்திறன் பராமரிப்பு டெக்னீஷியனுக்குப் பொருத்துவது தவறு. அவர் கற்பது ஒரே தொழில்: நின்றுபோன இயந்திரம் எதனால் நின்றது என்று கண்டுபிடிப்பது. அதற்குத் தேவைப்படும் அறிவுதான் பல துறைகளில் சிதறிக் கிடக்கிறது.

கன்வேயர் மோட்டார் ஒன்று அடிக்கடி டிரிப் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கரன்ட் சரியாகத்தான் வருகிறது என்பார் எலக்ட்ரீசியன்; மெக்கானிக்கலில் குறையில்லை என்பார் பிட்டர்; லைன் நின்றுகொண்டே இருக்கும். இரண்டும் தெரிந்தவர் மோட்டார் ஓடும்போதே மூன்று ஃபேஸ் வயரிலும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்ப்பார். வோல்டேஜ் சரியாக இருந்தும் மூன்றிலும் ஆம்பியர் ஒரே மாதிரி ஏறியிருந்தால், சந்தேகம் முதலில் சுமையின் பக்கம் போக வேண்டும்: சிக்கிய பேரிங், அளவுக்கு மீறி இறுக்கிய பெல்ட். ஒன்றில் கரன்டே இல்லாமல் மற்ற இரண்டில் ஏறியிருந்தால் ஒரு ஃபேஸ் விட்டுப்போயிருக்கிறது. காற்றழுத்த சிலிண்டர் நகராதபோதும் இப்படித்தான். காற்றில் நகரும் பாகத்தின் அருகே யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சோலினாய்டு வால்வின் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்துவார். சிலிண்டர் நகர்ந்தால் காற்றும் வால்வும் நலம். காயிலுக்கு வரும் 24 வோல்ட்டையும் அதற்குப் பின்னால் கட்டளை அனுப்பும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கருவியையும் பார்க்க வேண்டும். நகராவிட்டால் ஏர் லைனையும் வால்வையும் சிலிண்டரையும் பார்க்க வேண்டும். பழுது பெரும்பாலும் இரண்டு துறைகள் சந்திக்கும் இடத்தில் ஒளிந்துகொள்கிறது. ஒரு துறை மட்டும் தெரிந்தவரின் பார்வை அந்த எல்லையோடு நின்றுவிடுகிறது.

அப்படியானால் மூன்று மாத பிஎல்சி கோர்ஸ் போதும் என்று நினைப்பது இதற்கு நேர்மாறான மயக்கம். முன்னதைவிட இதனால் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜெர்மனி 1998இல், இயந்திர வேலையும் மின்னணு வேலையும் சேர்ந்த மெக்கட்ரானிக்ஸ் டெக்னீஷியனைத் தனித் தொழிலாக அறிவித்தபோது அதற்கு மூன்றரை ஆண்டுப் பயிற்சி வைத்தது. தொழிற்சாலையிலும் தொழிற்பள்ளியிலுமாக மாறி மாறிக் கற்க வேண்டும். நம் ஐ.டி.ஐ. பிட்டர் பிரிவே இரண்டு ஆண்டு. அதன் பாடத்திட்டத்தில் வெல்டிங்கும் நியூமேட்டிக்ஸும் ஹைட்ராலிக்ஸும் ஏற்கெனவே இருக்கின்றன. அதன்பின் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்ரன்டிஸ் பயிற்சிக்கும் வழி உண்டு. ஒரு டிரேடை ஆழமாகப் பிடித்துக்கொண்டு அடுத்ததை அதன்மேல் ஏற்றுவதே சரியான வரிசை. அரம் பிடித்து அராவி, டயல் கேஜ் வைத்து ஷாஃப்ட் அலைன்மென்ட் பார்த்த கை சென்சார் பொருத்தும்போதும் அந்தத் துல்லியத்தை விடாது.

எல்லா வேலையும் ஒருவரே செய்தால் ஆபத்து அல்லவா என்று கேட்பது நியாயம். பல்திறன் என்பது அனுமதி இல்லாமல் மின்பேனலைத் திறப்பதற்கான உரிமை ஆகாது. மின்வேலைக்கு உரிய தகுதிச் சான்று பெற்றே ஆக வேண்டும். அதே வேளையில், மெயின் சுவிட்சைப் பூட்டிய பிறகும் ஏர் லைனில் காற்றும் ஹைட்ராலிக் குழாயில் அழுத்தமும் தங்கியிருக்கும் என்று தெரிந்தவரே பத்திரமாக வேலை செய்கிறார். மூன்று பேர் வேலையை ஒரு சம்பளத்துக்கு வாங்கவே கம்பெனிகள் இதை விரும்புகின்றன என்ற குறையில் உண்மை இருக்கிறது. திறனுக்கேற்ற கூலியை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். கற்காமல் இருந்தால் கேட்கும் பலமும் கிடைக்காது.

பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் பயிற்சிக் கூடத்தின் உள்ளே போய்ப் பாருங்கள். மோட்டாரும் வால்வும் பிஎல்சியும் ஒரே மேசையில் இணைத்து வைக்கப்பட்டிருக்கின்றனவா, ஆசிரியர் வேண்டுமென்றே பழுது வைத்து மாணவரைத் தேடச் சொல்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.