சாம்பாரை விடு, சட்னியைக் கேள்

அன்புள்ள தம்பிக்கு,

வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போகும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குச் சொல்லும் முதல் புகார் எப்போதும் ஒன்றுதான்: இங்கே சாம்பார் தித்திக்கிறது. உன் கடிதமும் அப்படித்தான் தொடங்கியது. அதனால் ஓட்டல் பக்கமே போவதில்லை, காலையில் பிரெட்டும் ஜாமும், ஞாயிற்றுக்கிழமையானால் செல்போனில் வரவழைத்த தோசை என்று எழுதியிருந்தாய். அரை மணி நேரம் பெட்டிக்குள் வெந்து நமுத்த தோசை எந்த ஊரிலும் நன்றாயிருக்காது. அதை வைத்து ஓர் ஊரின் சமையலை எடைபோட்டுவிடாதே.

சாம்பாரில் வெல்லம் சேர்ப்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வரும் பக்குவம். உடுப்பிச் சமையலிலும் பழைய மைசூர்ச் சமையலிலும் புளிப்பு, காரத்தோடு ஒரு துளி இனிப்பும் கூடவே வரும். அது மாறாது. நீ போகும் கடையையும் போகும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளலாம். அங்கே பெயர் வாங்கிய சிற்றுண்டிக் கடைகள் பலவும் நாலைந்து பண்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து முற்பகல் வரை சூடு ஆறாமல் போட்டுக்கொண்டே இருப்பவை. எந்தக் கடைக்கு எதற்காகப் போவது என்பது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் சங்கரபுரத்துக்குப் போ. சங்கர மடத்துக்குப் பக்கத்தில் பிராமின்ஸ் காபி பார் என்று ஒரு சிறிய கடை 1965-இலிருந்து நடக்கிறது. உட்கார மேசை நாற்காலி கிடையாது. இட்லி, வடை, காராபாத் என்ற கார ரவை உப்புமா, கேசரிபாத் என்ற ரவா கேசரி; குடிக்கக் காபியும் டீயும். பட்டியல் அவ்வளவுதான். சாம்பாரே கிடையாது. தட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்தால், சட்னிக்கென்றே ஓர் ஆள் பாத்திரமும் கரண்டியுமாக நிற்பார். தட்டை நீட்டினால் இட்லி முழுகும் அளவுக்கு ஊற்றுவார். தீர்ந்ததும் மறுபடி போய் நீட்டலாம், முகம் சுளிக்க மாட்டார். தேங்காயும் பொட்டுக்கடலையும் பச்சை மிளகாயும் மணக்கும் அந்தத் தண்ணீர்ச் சட்னிக்காகவே நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

பட்டியல் சிறியதாக இருப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. நாலே பண்டம் என்றால், கொப்பரையிலிருந்து இறங்கிய ஓர் ஈடு இட்லி அடுத்த ஈடு வேகுமுன் தீர்ந்துவிடும். வடை எண்ணெயிலிருந்து எடுத்த கையோடு தட்டுக்கு வரும். அன்று ஆட்டிய மாவு அன்றே செலவாகும். நாற்பது, ஐம்பது ஐட்டங்களைப் பலகையில் எழுதிப் போட்டிருக்கும் கடையில் இது நடக்க வழியே இல்லை. ஏதோ ஒன்று ஃப்ரிட்ஜில் காத்திருந்துதான் ஆக வேண்டும். புது ஊரில் கடை தேடும்போது நட்சத்திர மதிப்பீட்டைப் பார்ப்பதற்கு முன் பலகையைப் பார்.

அங்கிருந்து காந்தி பஜார் நடக்கும் தூரம்தான். வித்யார்த்தி பவன் 1943-இல் அந்த வட்டாரத்து மாணவர்களுக்காகத் தொடங்கிய கடை; பெயரிலேயே அது இருக்கிறது. வார இறுதியில் வாசலில் கூட்டம் நிற்கும். பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளே போனால் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார்த்தி வைப்பார்கள். அது அங்கே வழக்கம், கூச்சப்படாதே. சுவரில் கன்னட எழுத்தாளர்கள், அறிஞர்களின் உருவப் படங்கள் மாட்டியிருக்கும். வேட்டி கட்டிய சப்ளையர் ஒருவர் இடது கையில் மணிக்கட்டிலிருந்து தோள் வரை தோசைத் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, வலது கையால் மேசைக்கு மேசை இறக்கிக்கொண்டே வருவார். அந்த அடுக்கு சரிந்து யாரும் பார்த்ததில்லை என்று வாடிக்கையாளர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

தோசை நம்மூர் மாதிரி மெல்லிசாக, நீளமாக இருக்காது. சின்ன வட்டம், நல்ல கனம், வெளியே கரும்பழுப்பாக முறுகல், உள்ளே பஞ்சு. மேலே நெய் பளபளக்கும். அந்த வட்டாரம் எழுத்தாளர்களுடையதும்கூட: காந்தி பஜாரை ஒட்டி ஓடும் சாலைக்குக் கன்னட எழுத்தாளர் டி.வி. குண்டப்பா பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கவிபுரத்தில் வாழ்ந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வீட்டில் தமிழ் பேசி, கன்னடத்தில் எழுதி, 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் பெற்றவர். சாப்பிட்டு முடித்து அந்தத் தெருக்களில் ஒரு சுற்று நடந்துவிட்டு வா.

மாவள்ளியில் இருக்கும் எம்.டி.ஆர். பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். உடுப்பிப் பக்கம் பாரம்பள்ளி என்ற கிராமத்திலிருந்து சமையல் வேலைக்காகப் பெங்களூர் வந்த மையா சகோதரர்கள் 1924-இல் லால்பாக் பக்கத்தில் பிராமின் காபி கிளப் என்ற பெயரில் அதைத் தொடங்கினார்கள். சகோதரர்களில் ஒருவரான யக்ஞநாராயண மையா 1951-இல் ஐரோப்பா போய் வந்தார். அங்கே ஓட்டல்கள் சுத்தத்தைப் பேணும் விதம் அவர் மனத்தில் பதிந்துவிட்டது. திரும்பி வந்து பாத்திரங்களை நீராவியில் சுத்தப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார். சாப்பிட வருகிறவர்கள் சமையலறையைப் பார்த்துவிட்டே கூடத்துக்குப் போகலாம் என்ற ஏற்பாடும் அங்கே இருந்தது. 1960-இல் இப்போதுள்ள இடத்துக்கு மாறி, மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டது.

ரவா இட்லி பிறந்தது அங்கேதான் என்பது எம்.டி.ஆர். குடும்பத்தின் கூற்று. இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பான் வசமானதும் அங்கிருந்து வரும் அரிசி நின்றுபோனது. இட்லிக்கு அரிசி இல்லை. ரவையை வறுத்து, தயிரில் கலந்து, கடுகும் முந்திரியும் தாளித்துச் சேர்த்து ஆவியில் வைத்துப் பார்த்தார்கள். பஞ்சத்துக்குச் செய்த மாற்று, பஞ்சம் தீர்ந்த பிறகும் நிலைத்துவிட்டது. இன்றும் அதை உருளைக்கிழங்கு சாகு என்ற குருமாவோடும் ஒரு குட்டிக் கிண்ணத்தில் நெய்யோடும் கொண்டுவந்து வைப்பார்கள். நெய்யை இட்லியின் மேல் முழுவதும் கவிழ்த்துவிட்டு, அது உள்ளே இறங்க ஒரு நிமிடம் விட்டுப் பிறகு விண்டு எடு.

அந்தக் கடையை மதிக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1975-இல் நெருக்கடி நிலை வந்தபோது ஓட்டல் பண்டங்களின் விலையைக் குறைக்கச் சொல்லி அரசு உத்தரவிட்டது. அந்த விலைக்கு அந்தத் தரத்தில் கொடுக்க முடியாது. நெய்யில் கைவைப்பது, காபியில் சிக்கரியைக் கூட்டுவது என்று வழிகள் இல்லாமல் இல்லை. மையா குடும்பம் அவற்றைத் தொடவில்லை. நஷ்டத்தை எழுதி வெளியே வைத்தார்கள். தாக்குப்பிடிக்க முடியாதபோது கடையை மூடினார்கள். ஆனால் வேலையாட்களைத் தெருவில் விடாமல், மசாலாப் பொடியும் ரவா இட்லி மாவும் பாக்கெட்டில் போட்டு விற்கும் வேலையைப் பெருக்கினார்கள். நம் வீட்டு அலமாரியில் நீ பார்த்திருக்கும் எம்.டி.ஆர். பாக்கெட்டுகள் வளர்ந்த வழி அது. ஓட்டல் 1984-இல் மறுபடி திறந்தது. பாக்கெட் உணவு வியாபாரத்தை 2007-இல் நார்வேயின் ஓர்க்லா நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஓட்டல் மட்டும் குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது. தரத்தைக் குறைப்பதைவிடக் கதவைச் சாத்துவது மேல் என்று முடிவெடுத்த ஒரு சமையலறையின் ரவா இட்லியை, ஆற அமர உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

உட்கார நேரமில்லாத நாள்களுக்குத்தான் தர்ஷினிகள். ஆர். பிரபாகர் என்பவர் 1983-இல் ஜெயநகரில் கபே தர்ஷினியைத் திறந்தார். கல்லாவில் பணம் கட்டி டோக்கன் வாங்கு, கவுண்டரில் நீட்டு, உயரமான வட்ட மேசையில் நின்று சாப்பிடு. பரிமாற ஆள் வேண்டாம், பெரிய கூடம் வேண்டாம் என்பதால் விலை கட்டுப்படியானது. சில வருடங்களில் நகரமெங்கும் தர்ஷினி என்ற பெயரோடும் இல்லாமலும் அதே முறையில் கடைகள் முளைத்தன. உன் அலுவலகத்தைச் சுற்றி நிச்சயம் ஒன்றாவது இருக்கும்.

அங்கே தோசைக்கல் பெரும்பாலும் கண்ணெதிரே இருக்கும். காத்திருக்கும் நேரத்தில் செல்போனைப் பார்க்காமல் கல்லைப் பார். மாஸ்டர் ஒரு குவளைத் தண்ணீரை வீசுவார். சீறிக்கொண்டு ஆவி எழும்பும். கட்டை விளக்குமாற்றால் கல்லை ஒரே வீச்சில் பெருக்குவார். கல்லின் சூடு அளவுக்கு வந்துவிட்டது என்பது அவருக்கு அந்தச் சத்தத்திலேயே தெரியும். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வட்டங்கள் விழும். பல கடைகளில் பூண்டு மணக்கும் சிவப்புச் சட்னியை உட்புறம் தடவி, அதன்மேல் பல்யம் என்று அங்கே சொல்லும் உருளைக்கிழங்கு மசாலாவை வைப்பார்கள். மாவில் வெந்தயமும் அவலும் கடலைப்பருப்பும் சேர்வதால் நிறம் நம்மூர் தோசையைவிட அடர்ந்து வரும். கருகிவிட்டதாக நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதே.

இனிப்பும் காரமும் இரண்டும் வேண்டுமென்றால் சௌசௌபாத் என்று சொல். காராபாத் ஒரு பக்கம், கேசரிபாத் ஒரு பக்கம், ஒரே தட்டில் வரும். காபி முழுதாக வேண்டாமென்றால் நண்பனோடு ‘பை டூ’ கேள். ஒரு காபியை இரண்டாகப் பிரித்து இரண்டு டம்ளரில் கொடுப்பார்கள். அப்படிக் கேட்பதை அந்த ஊரில் யாரும் கஞ்சத்தனமாக நினைப்பதில்லை. அலுவலகத்தில் புதிதாக ஒருவரோடு பழக அதைவிட எளிய வழி தெரியவில்லை.

மல்லேஸ்வரம் தனியாக ஒரு நாளுக்கு உரியது. மார்கோசா சாலையில் சி.டி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் கடைக்குப் பலகையில் இப்போது ஸ்ரீ சாகர் என்று பெயர். அங்கே வெண்ணெய் மசால் தோசை. அதே சாலையில் சற்றுத் தள்ளி வீணா ஸ்டோர்ஸ், அங்கே இட்லி. நடைபாதையில் நின்றபடிதான் சாப்பிட வேண்டும்.

இனி பிரஞ்ச். நட்சத்திர ஓட்டல்களில் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெயரில் நடக்கும் பஃபே பற்றி உன் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். காலையையும் மதியத்தையும் ஒன்றாக்கிச் சாப்பிடும் வழக்கம் அந்த ஊரின் மிலிட்டரி ஓட்டல்களில் முன்பே இருக்கிறது. அங்கே அசைவம்தான் சமையல். ஜெயநகர் சிவாஜி மிலிட்டரி ஓட்டல் போன்ற இடங்களில் காலையிலேயே அடுப்பிலிருந்து பிரியாணி இறங்கிவிடும். புதினாவும் கொத்தமல்லியும் அரைத்துவிட்டுப் பச்சை சாய்ந்த நிறத்தில், இலைத் தொன்னையில் வரும். அரிசி நம்மூர்ச் சீரகச் சம்பாதான், பாசுமதியைத் தேடாதே. கூடவே கால் சூப்பு, ஈரல் வறுவல், சில இடங்களில் ராகி முத்தே என்ற களி. பத்து மணிக்குப் போனால் சாயங்காலம் வரை பசிக்காது. பண்டம் தீர்ந்தால் அவ்வளவுதான், உனக்காக இன்னொரு சட்டி ஏற்ற மாட்டார்கள்.

இறைச்சி வேண்டாத நண்பர்களோடும், நாளிதழோடும் நிதானமாக உட்கார வேண்டுமானால் செயின்ட் மார்க்ஸ் சாலையில் கோஷிஸ் இருக்கிறது. 1940-இல் பேக்கரியாகத் தொடங்கிய இடம்; முட்டையும் டோஸ்ட்டும் காபியும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுகிறவர்களை எழுப்பிவிடாத கூடம்.

போகும் வழியையும் எழுதிவிடுகிறேன். நீ இருக்கும் ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவில் ஊதா வழியைப் பிடித்து, மெஜஸ்டிக்கில் பச்சை வழிக்கு மாறு. நேஷனல் காலேஜ் நிலையத்தில் இறங்கினால் சங்கரபுரமும் காந்தி பஜாரும். அடுத்த நிலையமான லால்பாகில் இறங்கி, தோட்டத்துக்குள் நடந்து பிரதான வாசல் வழியாக வெளியேறினால் எம்.டி.ஆர். மல்லேஸ்வரத்துக்கு எதிர்த் திசையில் சம்பிகே சாலை நிலையம். வித்யார்த்தி பவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, பிராமின்ஸ் காபி பாருக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆகவே வரும் சனிக்கிழமை ஏழு மணிக்குள் சங்கரபுரத்தில் இரு. இட்லி இரண்டு, வடை ஒன்று போதும். காந்தி பஜார் தோசைக்கு வயிற்றில் இடம் வை.

அன்புடன்,
அண்ணன்