தவிடும் பசுவின் குடலும்

தஞ்சைத் தரணியில் கறவைப் பசுவுக்கு வைக்கோலும் தவிடும் பிரதான ஆகாரம். பால் குறைந்தால் தவிட்டைக் கூட்டுவது வழக்கம். கூட்டியும் பால் ஏறாமல், பசு வைக்கோலை மீதம் வைப்பதைக் குடியானவர்கள் பலர் கண்டிருப்பார்கள். இதற்குத் தவிட்டிலுள்ள எண்ணெய் ஒரு முக்கிய காரணமாகும்.

முன்னாளில் ஹல்லர் மிஷின் தவிட்டில் உமித்தூள் மிகுதியாகக் கலந்திருந்தது. உமியைத் தனியே பிரிக்கும் ஆலைகளின் சுத்தத் தவிட்டில், அதிலும் புழுங்கல் நெல்லின் தவிட்டில், 100 பங்குக்குச் சுமார் 20 பங்கு எண்ணெய் உண்டு. ஆகவே பழைய அளவிலேயே தவிடு வைப்பவரும், தாம் அறியாமலே அதிக எண்ணெய் ஊட்டுகிறார்.

இவ்வெண்ணெய் பசுவின் பெருவயிற்றில் கொழுப்பு அமிலங்களாகப் பிரிகிறது. அவை மிகுந்தால், வைக்கோலின் நாரைச் செரிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நலிகின்றன. வைக்கோல் செரியாமல் தங்குகிறது.

பின்னர் அவ்வமிலங்கள் சிறுகுடலை அடைகின்றன. குடலின் உட்சுவரில் பெரும்பாலான உயிரணுக்கள் கொழுப்பை உறிஞ்சி, நிணநீர் வழியாக உடலுக்கு அனுப்புவன. அவற்றினிடையே ஆங்காங்குள்ள சில அணுக்கள் காவற்காரர் போன்றவை. கொழுப்பு அமிலம் பட்டவுடன் இவை கோலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. பித்தப்பையைச் சுருங்கச் செய்யும் இப்பொருளை 1928-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஐவி, ஓல்ட்பர்க் என்னும் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். இதனால் பித்தநீரும் கணையநீரும் குடலில் பாய்கின்றன. நரம்பு வழியாக மூளைக்கு "போதும்" என்ற செய்தியும் செல்கிறது. கொழுப்பு மிகுந்த தீனி தின்ற கறவை மாடுகளின் இரத்தத்தில் இந்த ஹார்மோன் உயர்ந்ததும், அவை உட்கொண்ட தீனி குறைந்ததும் பரிசோதனைகளில் காணப்பட்டுள்ளன. எனவே பசு வைக்கோலை விடுவது அடம் அன்று. குடல் இட்ட கட்டளை.

இனி அளவைக் கவனிப்போம். பசு உண்ணும் உலர்தீனியில் கொழுப்பு 100-க்கு 6 பங்கைத் தாண்டலாகாது. நாளொன்றுக்கு 8 கிலோகிராம் உலர்தீனி உண்ணும் உம்பளாச்சேரிப் பசுவுக்கு இது 480 கிராம் ஆகும். மேற்கூறிய தவிடு 2 கிலோகிராம் வைத்தால், அதிலேயே 400 கிராம் எண்ணெய் சேர்ந்துவிடும். வைக்கோலிலும் பிண்ணாக்கிலும் உள்ள கொழுப்பு இதற்கு மேல்.

ஆகையால் இத்தகைய தவிட்டை 1 கிலோகிராம் அளவில் நிறுத்துக. மேலும் வேண்டுமாயின் எண்ணெய் நீக்கிய தவிட்டைச் சேர்க்கலாம். எம்மாற்றத்தையும் பத்து நாட்களில் சிறுகச் சிறுகச் செய்க. பசுந்தீவனம் கிடைக்குங்கால் தவறாது கொடுக்க. அதன் பின்னும் பசு தீனி எடுக்காவிடில் கால்நடை மருத்துவரிடம் காட்டுக.

கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விஷயத்தைக் கறவை மாடு வைத்திருப்போர் யாவருக்கும் எடுத்துரைப்பார்களாக. காடியில் மிஞ்சும் வைக்கோலைத் தினமும் பார்ப்பவருக்கு வேறு கணக்கு வேண்டுவதில்லை.