லெப்டொப்போடு வந்த டிஸ்க் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். தோட்டத்துக்கு ஏறும் சந்தியில் சிறிய கொமியூனிகேஷன் நடத்துகிறேன். போட்டோகொப்பி, பயோடேட்டா, ஓன்லைன் விண்ணப்பம், இவைதான் தொழில். போன வருஷம் அப்பாவுக்குக் கிடைத்த சேமலாப நிதிப் பணத்தில் பழைய டெல் லெப்டொப் ஒன்று வாங்கினேன். பையோடு இரண்டு டிஸ்க் தந்தார்கள். ஒன்றில் விண்டோஸ் 7, மற்றதில் டிரைவர்கள். மெஷின் மந்தமானதால், சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு பதுளை டவுனில் ஒரு கடையில் டிஸ்க்குகளோடு கொடுத்தேன். விண்டோஸ் புதிதாகப் போட்டு 3,500 ரூபா வாங்கினார்கள். தம்பியின் உயர்தரப் பாடக் குறிப்புகள், வாடிக்கையாளர்களின் கோப்புகள் எல்லாம் அழிந்துபோயின. டிஸ்க்கையும் திருப்பித் தரவில்லை. கேட்டால், "அது பழசு தங்கச்சி, வேலைக்கு ஆகாது" என்கிறார்கள். இரண்டு மாதமாகிறது. இப்போது திரை கறுப்பாகிவிடுகிறது, மூலையில் இது அசல் விண்டோஸ் அல்ல என்று வருகிறது. போன கிழமை ஒருவர் வந்து, தான் மென்பொருள் கம்பனி ஆள் என்றும், 15,000 ரூபா கட்டாவிட்டால் பொலிஸுக்குப் போவேன் என்றும் சொன்னார். கடையில் கொடுப்பதற்கு முன் விண்டோஸ் டிஸ்க்கை ஒரு கொப்பி எடுத்து வைத்திருந்தேன். அதுவும் குற்றமா? பக்கத்து லயத்து அண்ணனிடமும் இதே மொடல் இருக்கிறது, அந்தக் கொப்பியைக் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 15,000 ரூபா. ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பதிப்புரிமை மீறலுக்குத் தண்டப்பணம் விதிக்கும் அதிகாரம் நீதவானுக்கு மட்டுமே உண்டு. பொலிஸாரே கடையில் வைத்துத் தண்டம் அறவிட முடியாதபோது, கையில் கடிதம்கூட இல்லாமல் வந்த ஒருவருக்கு என்ன அதிகாரம்? உண்மையான உரிமையாளர் சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்புவார். மறுபடி அந்த ஆள் வந்தால், "எழுத்தில் தாருங்கள், என் சட்டத்தரணியிடம் காட்டுகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். பெயர், தொலைபேசி இலக்கம், வந்த நாள், நேரம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது நம் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். அதற்குப் பொலிஸில் முறையிட உங்களுக்கு முழு உரிமையும் இருக்கிறது.

இனி லெப்டொப்பைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். பற்றரியைக் கழற்றினால் தெரியும் குழியில்கூட இருக்கலாம். விண்டோஸ் என்று அச்சிட்ட சிறிய ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். அதில் ஐந்து ஐந்தாகப் பிரித்த 25 எழுத்துச் சாவியும், எந்த வகை விண்டோஸ் என்பதும் இருக்கும். நம் பகுதிக்கு வந்த மலிவான மெஷின்கள் பலவற்றில் 'விண்டோஸ் 7 ஹோம் பேசிக்' என்றிருக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உரிமை அதுதான்: அந்த வகை விண்டோஸை அந்த ஒரு மெஷினில் ஓட்டும் உரிமை. அதை எத்தனை தடவை அழித்து மறுபடி போட்டாலும் புதிதாகக் காசு கட்ட வேண்டியதில்லை. மெஷினைச் செய்த கம்பனி தரும் டிஸ்க் அதற்காகவே தரப்படுகிறது. அது தன் கம்பனி மெஷின்தானா என்று உள்ளே பார்த்துக்கொள்ளும், பொதுவாகச் சாவியைக்கூடக் கேட்காது. பழைய மெஷினாக வாங்கியதாலும் உரிமை கெடாது. இத்தகைய உரிமம் மெஷினோடும் ஸ்டிக்கரோடும் சேர்ந்து கைமாறலாம், மெஷினை விட்டுத் தனியே கைமாற முடியாது.

உங்கள் விஷயத்தில் நடந்திருப்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. கடைக்காரர் உங்கள் டிஸ்க்கைப் போடவில்லை. எல்லோருக்கும் போடும் 'அல்டிமேட்' கொப்பி ஒன்றைப் போட்டிருக்கிறார். மெஷினின் 'ப்ரொப்பர்டீஸ்' பக்கத்தைத் திறந்து, அங்கே உள்ள வகையும் ஸ்டிக்கரில் உள்ள வகையும் ஒன்றா என்று பாருங்கள். வேறுபட்டால், உரிமம் உள்ள மெஷினுக்குள் உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டு அதற்குக் காசும் வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். அந்தத் திரையை ஃபோனில் படம் பிடித்து வையுங்கள், ஸ்டிக்கரையும் பிடியுங்கள். முறைப்பாட்டுக்கு இந்த இரண்டு படங்களையும்விடப் பெரிய சாட்சி தேவையில்லை.

நீங்கள் குற்றவாளியா என்பதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று தெரிகிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பதிப்புரிமையின் கீழ் காக்கிறது. திருட்டு நிரல் என்று அறிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ, அதை வேண்டுமென்றே வர்த்தக லாபத்துக்குப் பயன்படுத்துபவருக்கு அச்சட்டத்தின் 178ஆம் பிரிவு ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. அசல் டிஸ்க்கைக் கையில் கொடுத்து, கூலியும் கொடுத்து வேலை வாங்கிய உங்களுக்கு அன்றைக்கு அந்த அறிவு இருக்கவில்லை. ஆனால் திரை கறுத்து, மூலையில் அந்த வரி வந்த நாளிலிருந்து, நம்புவதற்குக் காரணம் இருக்கவில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. நீங்கள் கடை நடத்துபவர், அந்த மெஷினில் சம்பாதிக்கிறீர்கள். ஆகவே இந்த விண்டோஸில் இனி வாடிக்கையாளர் வேலை எதையும் செய்யாதீர்கள். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். பொலிஸுக்குப் போவதானாலும் முதலில் இதை நிறுத்திவிட்டுப் போங்கள்.

நீங்கள் எடுத்த கொப்பியைப் பற்றிக் கவலை வேண்டாம். அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு, நிரலின் பிரதிக்குச் சட்டப்படி உரிமையாளராக இருப்பவர் ஒரே ஒரு பிரதி எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அது பத்திரப்படுத்தி வைப்பதற்காகவும், அசல் தொலைந்தால், அழிந்தால், பயன்படாமற்போனால் அதற்கு ஈடாகவும் இருக்க வேண்டும். டிஸ்க்குக்கு நீங்கள் உரிமையாளரா, வெறும் உரிமம் பெற்றவரா என்று கம்பனிச் சட்டத்தரணிகள் வாதாடலாம். அந்த வாதம் உங்களைப் பாதிக்காது, ஏனென்றால் விண்டோஸ் 7 உரிம ஒப்பந்தமே, திரும்பப் போடும் தேவைக்காக ஒரு பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. அசல் கடைக்காரர் கையில் சிக்கியிருக்கும்போது அந்தக் கொப்பியைக் கொண்டு உங்கள் மெஷினிலேயே விண்டோஸ் போடுவது சட்டபூர்வமானது. நாளை லெப்டொப்பை விற்றால் உரிமையும் அதோடு போய்விடும். அதன்பின் கொப்பியை உங்களிடம் வைத்திருக்கக் கூடாது, அழித்துவிட வேண்டும்.

பக்கத்து லயத்து அண்ணனுக்கு அதைக் கொடுக்க வேண்டாம். மொடல் ஒன்றாக இருக்கலாம், உரிமை ஒன்றல்ல. அவருடைய மெஷினில் ஸ்டிக்கர் இல்லாவிட்டால் அது நேரடி மீறல், நட்புக்குச் செய்தாலும் மீறல்தான். ஸ்டிக்கர் இருந்தால் அவருக்கென்று உரிமை இருக்கிறது, டிஸ்க்கை மெஷின் கம்பனியிடமே கேட்டுப் பார்க்கலாம். உங்கள் பிரதிக்குச் சட்டம் தந்த பாதுகாப்பு உங்கள் தேவையோடு முடிகிறது.

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்காக அமெரிக்க வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். கழிவுக் கணினிகளைத் திருத்தி மறுபடி பயன்படச் செய்யும் தொழிலில் இருந்தவர் எரிக் லுண்ட்கிரென். டெல் மெஷின்களில் விண்டோஸ் திரும்பப் போடும் டிஸ்க்குகள் சுமார் 28,000ஐ, டெல் முத்திரையோடு சீனாவில் அச்சடித்துக் கொண்டுவந்தார். உரிமம் மெஷின் ஸ்டிக்கரில் இருக்கிறது, அதே கோப்பை இணையத்தில் இலவசமாக இறக்கலாம், ஆகவே வெறும் டிஸ்க்குக்கு மதிப்பில்லை என்பது அவர் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. டிஸ்க் ஒன்றுக்கு 25 டொலர் வீதம் 7 இலட்சம் டொலர் என்று மதிப்பிட்டு, 15 மாதச் சிறையும் 50,000 டொலர் தண்டமும் விதித்தது. 2018 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பழைய கணினிகளைக் குப்பைக்குப் போகவிடாமல் காத்தவருக்கு இது கடுமையான தண்டனை என்றே நான் கருதுகிறேன். ஆனாலும், பிறருக்காகப் பிரதி எடுப்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு அது சாட்சி. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2016 ஒக்டோபரில், லத்வியாவிலிருந்து வந்த வழக்கொன்றில், அசல் டிஸ்க் பழுதாகியோ தொலைந்தோ போயிருந்தாலும் பாதுகாப்புக்கு எடுத்த பிரதியை உரிமையாளரின் அனுமதியின்றி இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்றது. இவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. ஆனால் நம் 12ஆம் பிரிவின் வாசகமும் அதே திசையில்தான் போகிறது.

கடைக்காரருக்கு வருவோம். "பழசு, வேலைக்கு ஆகாது" என்பது டிஸ்க்கை வைத்துக்கொள்ளச் சட்டக் காரணமாகாது. கூலி பாக்கியிருந்தால், அது கிடைக்கும்வரை பழுது பார்த்த பொருளைப் பிடித்து வைக்க உரோமன் டச்சுச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் 3,500 ரூபாவையும் கட்டிவிட்டீர்கள், பிடித்து வைக்க அவருக்கு எதுவும் இல்லை. கேட்காமல் கோப்புகளை அழித்தது இன்னொரு தவறு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், சேவை வழங்கும் எவரும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் உள்ளடங்கிய உத்தரவாதமாக்கியிருக்கிறது. விண்டோஸ் திரும்பப் போடும்போது உள்ளே இருப்பது அழியும் என்பது இத்தொழில் செய்பவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது. கோப்புகளை வேறிடத்தில் எடுத்து வைக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு என்ன செலவு? நாட்சம்பளத்தில் படிக்கவைக்கும் குடும்பத்துக்கு அந்தப் பாடக் குறிப்புகளின் பெறுமதி என்னவென்று அந்தக் கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது.

அவருக்கு முதலில் ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கொடுத்த நாள், கட்டிய தொகை, தராத டிஸ்க், அழிந்த கோப்புகள் எல்லாம் அதில் இருக்கட்டும், பதிலுக்கு ஏழு நாள் தவணை கொடுங்கள். பில் வாங்காவிட்டால் இப்போதும் கேளுங்கள், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வர்த்தகரின் கடமை. கூடவே நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எழுத்தில் முறையிடுங்கள். மாவட்ட அலுவலகம் பதுளைக் கச்சேரியில் விசாரித்தால் தெரியும், 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். தமிழிலேயே எழுதுங்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. சிங்களத்தில் எழுதி வா என்று யாராவது திருப்பி அனுப்பினால், அந்த உறுப்புரையின் இலக்கத்தைச் சொல்லுங்கள். விசாரித்து நட்டஈடு கொடுக்கவோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிட அதிகார சபைக்கு முடியும்.

அங்கும் சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை. இந்தத் தொகையளவிலான பிணக்கு வழக்காகப் போவதற்கு முன் அங்கே போயாக வேண்டும். சட்டத்தரணி தேவையில்லை. பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் பாடசாலைகளில் கூடுவதால் வேலை நாளும் கெடாது. நம்பிக்கை மோசடி என்று பொலிஸில் போடச் சிலர் சொல்லலாம். நேர்மையற்ற எண்ணத்தை நிரூபிக்க வேண்டியிருப்பதால் அதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

விண்டோஸ் 7க்கு மைக்ரோசொப்ட் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 அன்றே நின்றுவிட்டன. உரிமை காலாவதியாகவில்லை, பாதுகாப்புத்தான் போயிற்று. அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு விபரமும் தட்டச்சு செய்யும் கடைக்கு அது ஆகாது. பாடக் குறிப்பு எழுத விண்டோஸ் 7 இருக்கட்டும். வாடிக்கையாளர் வேலைக்கு உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றைப் போடுங்கள். அதற்குக் காசில்லை, பிரதி எடுத்துக் கொடுக்கவும் அதன் உரிமமே அனுமதிக்கிறது. பக்கத்து லயத்து அண்ணனுக்கும் அதையே கொடுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அதிகார சபைக்கான முறைப்பாடு, சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. இந்தக் கிழமையே எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்குத் திகதி முத்திரையோடு கையொப்பமும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.