மாணவர் படைத்த கருவி

கணினியில் இசை கேட்கவும் படம் காணவும் உதவும் நிரல்கள் பல. அவற்றுள் உலகெங்கும் பெயர் பெற்றது வி.எல்.சி. என்பதாகும். சாலையில் வைக்கப்படும் செம்மஞ்சள் நிறக் கூம்பே அதன் அடையாளம். அதனைத் தோற்றுவித்தோர் பெருவணிகர் அல்லர். கல்லூரி மாணவர்களே ஆவர்.

பிரான்சு நாட்டில், பாரிசு நகருக்கு அருகே, எக்கோல் சாந்த்ரால் என்னும் பொறியியற் கல்லூரி இருந்தது. அதன் விடுதியில் கணினிகளை இணைத்திருந்த வலை மிக மெதுவாக இயங்கியது. விரைவான வலையை மாணவர் விரும்பினர். ஆயின் அதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டுமன்றோ? செயற்கைக்கோள் வழி வரும் தொலைக்காட்சியை ஓரிடத்தில் பெற்று, வலை வழியே எல்லா அறைகளுக்கும் அனுப்பினால், அறைதோறும் தனிக்கருவி வாங்கும் செலவு இராது என அவர்கள் கண்டனர். இவ்வாறு 1996-ஆம் ஆண்டில் வீடியோலேன் என்னும் திட்டம் தோன்றியது. 1998-இல் நிரலை முற்றிலும் புதிதாக எழுதத் தொடங்கினர். வலையில் வரும் படத்தைப் பெற்றுக் காட்டும் பகுதியே வி.எல்.சி.

படத்தைக் காட்டுவது எளிய செயலன்று. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படத்திற்கு ஏறத்தாழ 62 இலட்சம் பைட்டுகள் வேண்டும். நொடிக்கு 25 படங்கள் எனின், 15 கோடிக்கும் மேலாகும். ஆதலின் படத்தையும் ஒலியையும் சுருக்கி, ஒரே கோப்பில் அடைத்து வைப்பர். சுருக்கும் முறைகளோ பல. காட்டும் நிரல், கோப்பிலிருந்து படத்தையும் ஒலியையும் பிரித்து, விரித்து, காலம் பிறழாமல் இணைத்தல் வேண்டும். விரிக்கும் முறை தெரியாத நிரலுக்கு அக்கோப்பு பூட்டிய பெட்டியே. வி.எல்.சி. பெரும்பாலான முறைகளுக்குரிய திறவுகோல்களைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது.

வலையில் வரும் செய்தி துண்டு துண்டாக வரும். இடையே சில துண்டுகள் தவறுவதும் உண்டு. அதற்கெனவே பிறந்ததாதலின், முழுமை பெறாத கோப்பையும் பழுதுற்ற கோப்பையும் இது இயன்றவரை காட்டுகிறது. ஒலி முந்தினும் பிந்தினும் திருத்தலாம். விரைவைக் கூட்டலாம், குறைக்கலாம். எழுத்துரையைப் படத்தின்கீழ்க் காணலாம். ஒருவகைக் கோப்பை மற்றொரு வகையாக மாற்றலாம்.

எனினும், இந்நிரலுக்கு ஓர் இடர் இருந்தது. கல்லூரியில் ஆண்டுதோறும் பழைய மாணவர் வெளியேறுவர். நிரலை அறிந்தோர் சென்றபின் அதனைப் பேணுவோர் யார்? மாணவர் கல்லூரித் தலைமையிடம் இசைவு பெற்று, 2001 பிப்ரவரி 1-ஆம் நாள் நிரலின் மூலத்தை உலகிற்குத் திறந்து வைத்தனர். எவரும் அதனைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். திருத்தி வழங்குவோர் தம் திருத்தத்தையும் அவ்வாறே திறந்து வைத்தல் வேண்டும் என்பது அன்றைய உரிமத்தின் விதி. பல நாட்டினரும் பணியிற் சேர்ந்தனர். 2009 முதல் ஊதியம் நோக்காத அமைப்பொன்று அதனைப் பேணி வருகிறது. கட்டணமும் இல்லை; விளம்பரமும் இல்லை. 600 கோடி முறைக்கு மேல் அது பதிவிறக்கப்பட்டதாக 2025 சனவரியில் அறிவிக்கப்பட்டது.

விடுதிக்குள் பூட்டி வைத்திருந்தால், அம்மாணவரின் படிப்புடன் அந்நிரலும் முடிந்திருக்கக் கூடும். பலர்க்கும் உரிமையாக்கியதால் அது நிலைத்தது. கல்வியைப் போலவே, கொடுக்கக் கொடுக்க வளரும் செல்வங்களுள் இதுவும் ஒன்றாம்.