பெட்டி மேல் தாவும் பெருச்சாளி

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சமீபத்தில் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினார். ஏழாம் வகுப்பு படிக்கும் மகனின் படிப்புக்கு என்று சொல்லித்தான் வாங்கினார். பையன் பள்ளி விட்டு வந்து கேமில் உட்கார்ந்தால் சாப்பிடக்கூட எழுவதில்லை. "தம்பி, இதுல கேமே ஓடாத மாதிரி பண்ணிக் குடுத்துடு. இல்லன்னா வந்த விலைக்கு வித்துடறேன்" என்றார். கேமை அடைத்து வைப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் இங்கே அடைத்தால் பையன் செல்போனுக்குப் போவான். "ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் வாங்கி ஒரு வாரம் ஆனவர்களும் செய்து பார்க்கலாம்.

முதலில் அவனுக்கு ஒரு பழைய கேமைப் பற்றிச் சொன்னேன். பெயர் 'வான்டட்: மான்ட்டி மோல்'. 1984இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் இருந்த கிரெம்லின் கிராஃபிக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்காக இதை எழுதியவர் பீட்டர் ஹராப். கதாநாயகன் 'மோல்' என்ற விலங்கு. மண்ணைத் தோண்டி வளைக்குள் வாழும். நம் ஊரில் கிடையாது. பெருச்சாளி என்று வைத்துக்கொண்டால் பாதகமில்லை.

கதை வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் வேடிக்கை இல்லை. நிலக்கரிச் சுரங்கங்களை மூடும் திட்டத்தை எதிர்த்து பிரிட்டன் தொழிலாளர்கள் 1984 மார்ச்சில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது ஒரு வருடம் நீடித்தது. ஷெஃபீல்டு இருப்பதே நிலக்கரிப் பகுதியில்தான். வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே இந்த கேம் கடைக்கு வந்துவிட்டது. குளிர்காலத்தில் எரிக்கக் கரி இல்லாமல் மான்ட்டி சுரங்கத்துக்குள் புகுந்து திருடுகிறது. கடைசியில் அது எதிர்கொள்ளும் ஆள், சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கிலின் கேலிச்சித்திரம்! தெருவில் நடக்கும் சண்டையைச் சுடச்சுட கேமுக்குள் கொண்டு வந்த துணிச்சலை இப்போது பார்ப்பது அபூர்வம்.

1985இல் வந்த 'மான்ட்டி ஆன் தி ரன்' இன்னும் கெட்டிக்காரத்தனமானது. சிறையிலிருந்து தப்பும் மான்ட்டிக்கு 21 பொருட்களைக் காட்டி, 5 மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். தவறான ஐந்தை எடுத்தால் எத்தனை திறமையாகத் தாவினாலும் முடிவு வரை போக முடியாது.

இத்தனையும் எவ்வளவு மெமரியில் தெரியுமா? 48 கே. உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு 3 எம்பி போட்டோவை வைக்கவே 64 ஸ்பெக்ட்ரம் வேண்டும். அந்த 48 கேயிலும் 6,912 பைட் திரைக்குப் போய்விடும். 8க்கு 8 புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்தில் இரண்டே நிறங்கள்தான் வரும். அதனால் கதாநாயகன் ஒரு செடியைக் கடந்து போனால் செடியின் நிறம் அவன் மேல் ஒட்டிக்கொள்ளும். கேம் வருவது ஆடியோ கேசட்டில். டேப் ரெக்கார்டரை இணைத்து, கீச்சுச் சத்தம் கேட்டபடி சில நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்தியாவிலும் 1988இல் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் 'டிபி ஸ்பெக்ட்ரம்+' என்ற பெயரில் இந்த கம்ப்யூட்டரை விற்றது.

சரி, மான்ட்டி எப்படித் தாவுகிறது? இதுதான் பாடம். ஒரு கல்லை மேலே எறியுங்கள். வேகமாகக் கிளம்பி, மெல்ல மெல்லத் தளர்ந்து, ஒரு கணம் நின்று, பிறகு வேகம் கூடிக்கொண்டே விழும். கம்ப்யூட்டருக்கு இதைச் சொல்ல 'வேகம்' என்று ஒரு எண் போதும். ஒவ்வொரு நொடித்துளியிலும் அந்த எண்ணில் 1 குறைக்க வேண்டும். அவ்வளவுதான் புவியீர்ப்பு.

எம்ஐடி மீடியா லேப் 2007இல் வெளியிட்ட 'ஸ்க்ராட்ச்' இதற்கு வசதி. காசு இல்லை. பிரவுசரில் ஸ்க்ராட்ச் டாட் எம்ஐடி டாட் ஈடியூ என்ற தளத்துக்குப் போய் 'கிரியேட்' க்ளிக் செய்யுங்கள். ஒரு பூனை நிற்கும். அதன் சைஸை 40 ஆக்குங்கள். கீழே வலது பக்கம் உள்ள பூனை முக ஐகான் மேல் மவுஸைக் கொண்டு போய் 'பெயிண்ட்' தேர்ந்தெடுத்து, தரையும் மூன்று நான்கு பெட்டிகளும் வரையுங்கள். அதற்குத் 'தரை' என்று பெயர் கொடுங்கள். (நம் பையன் தக்காளிப் பெட்டிகளை அடுக்கி வரைந்தான். பூனையை அழித்துவிட்டுப் பெருச்சாளியையும் அவனே வரைந்தான்.)

இப்போது பூனையைக் க்ளிக் செய்து, 'வேரியபிள்ஸ்' பகுதியில் 'வேகம்' உருவாக்குங்கள். 'வென் கிரீன் ஃப்ளாக் க்ளிக்ட்' பிளாக்கின் கீழே, 'கோ டு' பிளாக் மூலம் பூனையைத் தரைக்கு மேலே காலியான இடத்தில் நிறுத்துங்கள். அடுத்து வேகத்தை 0 ஆக்குங்கள். அதன் கீழே ஒரு 'ஃபாரெவர்' வையுங்கள். அதற்குள் வரிசையாக இவை வர வேண்டும். வேகத்தை -1 மாற்று. ஒய்-ஐ வேகம் அளவு மாற்று. தரையைத் தொட்டால், ஒய்-ஐ '0 - வேகம்' அளவு மாற்று, அதாவது வந்த தூரம் பின்னால் போ. அங்கேயே இன்னொரு 'இஃப் எல்ஸ்' வைத்து, மேல் அம்புக் கீ அழுத்தப்பட்டு வேகமும் 0க்குக் குறைவாக இருந்தால் வேகத்தை 12 ஆக்கு. இல்லையென்றால் 0 ஆக்கு.

'வேகம் 0க்குக் குறைவு' என்ற சோதனை எதற்கு? கீழே விழும்போது தொட்டால் அது தரை. மேலே போகும்போது தொட்டால் அது தலையில் இடித்த பெட்டி. தலையை இடித்துக்கொண்டு அங்கிருந்து தாவ முடியாதல்லவா?

12 கொடுத்தால் பூனை 11, 10, 9 என்று ஏறி மொத்தம் 66 புள்ளி உயரம் போகும். 14 கொடுத்தால் 91. பெட்டியின் உயரத்தை அளந்து எந்த எண் வேண்டும் என்று பையனே கணக்குப் போட்டான். ஒன்று முதல் எண்களைக் கூட்டும் கணக்கு, பள்ளியில் அவன் தூங்கிப்போன அதே கணக்கு.

பக்கவாட்டில் நடக்க, 'ஃபாரெவர்' உள்ளே முதலில் ஒரு சோதனை சேருங்கள். வலது அம்புக் கீ அழுத்தினால் எக்ஸ்-ஐ 4 மாற்று. அப்போது தரையைத் தொட்டால் -4 மாற்று. இடதுக்கு இதையே தலைகீழாக.

பூனை அசையவே இல்லையா? அது தரையில் பாதி புதைந்தபடி தொடங்கியிருக்கும். எப்போதும் 'தொடுகிறது' என்றே பதில் வருவதால் போன தூரம் உடனே திரும்பிவிடுகிறது. தொடங்கும் இடத்தை இன்னும் உயர்த்துங்கள். நாங்கள் இதில் அரை மணி நேரம் விட்டோம்.

மான்ட்டியையே ஆடிப் பார்க்க ஆசை வந்தால் 'ஃபியூஸ்' என்ற இலவச எமுலேட்டர் இருக்கிறது. ஒன்று கவனியுங்கள். ஸ்பெக்ட்ரம் கேம் ஃபைல்கள் பெயர் டாட் டேப், டாட் டிஇசட்எக்ஸ், டாட் இசட்80 என்று முடியும். பழைய கேம் என்று சொல்லி எந்தத் தளமாவது டாட் இஎக்ஸ்இ ஃபைலைக் கொடுத்தால் திறக்காதீர்கள், வைரஸாக இருக்கலாம். பழைய கேம்களுக்கும் காப்புரிமை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

மாலையில் அண்ணன் வந்து பார்த்தார். பெருச்சாளி மூன்றாவது பெட்டி வரை ஏறி விழுந்தது. "எங்க மண்டில இதைவிட உசரமா அடுக்குவோம்டா" என்றார். பையன் வேகத்தை 14 ஆக்கினான். கம்ப்யூட்டர் இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது, வீட்டுப்பாடம் முடித்த பிறகு ஒரு மணி நேரம் என்ற கணக்கில்.

முடிக்கும் முன் 'ஃபைல்' மெனுவில் 'சேவ் டு யுவர் கம்ப்யூட்டர்' கொடுக்க மறக்காதீர்கள். கரண்ட் போனால் பெருச்சாளியும் போய்விடும்.